அம்மா மந்திரிச்ச சிப்பு

வெள்ளிக்கிழமை எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. சிங்கப்பூர்ல செஞ்ச ஒரு சிப்பை வாங்கி, திங்கக்கிழமை காலைல ஜொகூர் பாருல இருக்கிற எங்க லேப்ல கொண்டுவந்து வைக்கணும். அவ்வளவுதான்.

"டப்பாவைத் திறக்காத. மூச்சு கூட விடாத," பாஸ் டாக்டர் குணா சொன்னாரு. "திங்கக்கிழமை டத்தோ பார்க்க வராரு. அவர் காசு போட்டாதான் ப்ராஜெக்ட். ப்ராஜெக்ட் இருந்தாதான் உன் கான்ட்ராக்ட்."

டப்பாவைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கிட்டு குளுவாங் வீட்டுக்குப் போனேன்.

"என்னா அது?" அம்மா கேட்டாங்க.

நான் படிச்சவளாச்சே! விளக்க உட்கார்ந்தேன். "சிலிக்கான் தகடு மா. அது மேல கண்ணாடியில ரோடு, தலைமுடியை விட மெல்லிசு. அதுல வெளிச்சம் ஓடும். நாங்க அதுக்கு மேல இன்னொரு கண்ணாடி ரோடு போட்டிருக்கோம், மாடி வீடு மாதிரி. கீழ விடுற வெளிச்சம் மேல ஏறணும்."

"படி எங்க?"

"படி இல்ல மா. ரெண்டு ரோடும் ஒரு இடத்துல ரொம்ப கிட்ட வரும். அங்க வெளிச்சம் தானா மேல தாவிடும்."

"தாவலன்னா?"

"எனக்கு வேலை போயிடும்."

இதைச் சொல்லாம இருந்திருக்கலாம்.

ஞாயித்துக்கிழமை நல்லா தூங்கி எழுந்து பார்க்கிறேன், மேசையில டப்பா இல்ல. அலமாக்! கட்டிலுக்கு அடியில தேடினேன். காருக்குள்ள தேடினேன். பிரிட்ஜைக் கூடத் திறந்து பார்த்தேன். அழுகையே வந்துருச்சு.

அப்பதான் அம்மா சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்தாங்க. கையில காய்கறிப் பை. கத்தரிக்காய்க்கு மேல என் டப்பா!

"கோயிலுக்குக் கொண்டு போனேன் லா. உன் தம்பி புது காரை ஃபாதர் மந்திரிச்சுக் கொடுத்தாரு இல்ல? அந்த மாதிரி."

"டப்பாவோடதானே மா?"

"மூடி மேல தீர்த்தம் தெளிச்சா உள்ள எப்படிப் போகும்? திறந்துதான்."

பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். "தண்ணி பட்டுச்சா?"

"ஒரே ஒரு சொட்டு. முந்தானையால நல்லா தொடச்சிட்டேன். அப்புறம் வெறும் விரலை வச்சும் அழுத்தித் தொடச்சேன்."

கண்ணு மட்டும் தெரியிற மாதிரி அங்கி போட்டு, கையுறை மாட்டி, இடுக்கியால எடுக்கிற பொருள் அது. சோதனை சிப்புங்கிறதால மேல் ரோட்டுக்கு மூடி கூட போடல. அழுக்கு பட்டா வெளிச்சம் அங்கேயே வெளிய கொட்டிடும்.

திங்கக்கிழமை சீக்கிரமே போய்க் கழுவிடலாம்னு கிளம்பினேன். ஹைவேல ஒரு லோரி கவுந்து, ரோடு பூரா செம்பனைக் குலை. நான் போய்ச் சேர்ந்தப்ப டத்தோ கோப்பி குடிச்சிட்டு இருக்காரு.

பாஸ் டப்பாவைப் பிடுங்கினாரு. "பாஸ், கொஞ்சம் கழுவிட்டு..."

"கழுவுறதா? இது என்ன சாப்பாட்டுத் தட்டா?"

சிப்பை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில வச்சாங்க. கீழ் ரோட்டுல சிவப்பு ஒளியை விட்டாங்க. மேல் ரோடு முடியிற இடத்துல மீட்டரைப் பார்த்தேன். முள் அசையவே இல்ல. போச்சு, என் கான்ட்ராக்ட் போச்சு!

ஆனா பெரிய திரையில, சிப்புக்கு நட்ட நடுவுல, ஒரு சிவப்புப் புள்ளி தகதகன்னு எரியுது.

"அது என்ன?" டத்தோ கேட்டாரு.

பாஸுக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்பீரமா வரும். "அதுதான் எங்க ஸ்பெஷல், டத்தோ! வெளிச்சம் மாடி ஏறின இடம். உங்க கண்ணால பார்க்கணும்னே அப்படி டிசைன் பண்ணோம்." சொல்லிக்கிட்டே கோப்பி கப்பை நகர்த்தி மீட்டரை மறைச்சாரு.

"வாஹ், பாகுஸ் லா! பிரமாதம்!" டத்தோ கைதட்டினாரு. "மத்தவங்க வெறும் நம்பரைக் காட்டுறாங்க. நீங்க வெளிச்சத்தையே காட்டுறீங்க!"

கொடுமை என்னன்னா, பாஸ் அளந்து விட்டதுல பாதி நிஜம். கீழ் ரோடு கண்ணாடிக்குள்ள புதைஞ்சிருக்கு, அம்மா விரல் அங்க எட்டாது. வெளிச்சம் மேல வந்தாதான் அந்தப் புள்ளி எரியும். எங்க வெளிச்சம் நிஜமாவே மாடி ஏறியிருக்கு! ஏறின வேகத்துல அம்மா கைரேகையில வழுக்கி வெளிய விழுந்திருக்கு.

டத்தோ காசு போட ஒத்துக்கிட்டாரு. "இதே மாதிரி இன்னும் அஞ்சு செய்ங்க. புள்ளி கண்டிப்பா வேணும்."

அவர் போனதும் பாஸ் என்கிட்ட மெதுவா கேட்டாரு. "ஸ்டெல்லா, அந்தப் புள்ளி எந்த ஸ்டெப்புல வந்துச்சு? அதை அப்படியே திரும்பச் செய்யணும், ஒண்ணும் மாறக் கூடாது."

சிங்கப்பூர்ல இருந்து அஞ்சு சிப்பும் வந்தாச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போகுது. அம்மா அந்தச் சேலையைத் துவைக்காம வச்சிருக்காங்க.