கடன் கொடுத்த நால்வரின் நற்சான்று

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கையும் பெண்ணும் சௌக்கியம். அங்கே நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இது வழக்கத்துக்கு எழுதுகிற விருப்பம் இல்லை. அடுத்த பத்து நாளைக்காவது நீங்கள் போனில் தெளிவாகப் பேசும் நிலையில் இருந்தாக வேண்டும், அதனால்தான். உங்கள் முட்டிவலி தேவலையா? அக்காவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? கேட்காமல் விஷயத்துக்கு வந்தால் மரியாதையாக இருக்காது என்று கேட்டுவிட்டேன். இனி விஷயம்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் நடுவில் கேள்வி கேட்பீர்கள், நான் பதில் சொல்லித் தொலைப்பேன், அந்தப் பதிலிலிருந்து இன்னொரு கேள்வி முளைக்கும். கடிதத்தில் அந்தத் தொந்தரவு கிடையாது. தவிர, என் போனைப் பகல் முழுக்க அணைத்து வைத்திருக்கிறேன். ஏன் என்பது இன்னும் ஒரு பக்கத்துக்குள் உங்களுக்குப் புரிந்துவிடும்.

ஒரு கடன் கம்பெனியிலிருந்து உங்களுக்குப் போன் வரும். பேசப்போகிறவர் சின்ன வயசுத் தம்பி. டை கட்டியிருப்பார், அது போனில் தெரியாது. நான் எப்படிப்பட்டவன் என்று உங்களிடம் கேட்பார். நீங்கள் தயவுசெய்து உண்மையைச் சொல்லிவிடக் கூடாது.

கோபப்படாமல் மேலே படியுங்கள் மச்சான். உங்கள் குணம் எனக்குத் தெரியாதா? என் கல்யாணத்தன்று யாரோ ஒரு பெரியவர் மாப்பிள்ளை எப்படி என்று விசாரித்ததற்கு, இன்னும் தெரியவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று என் காதில் விழும்படி சொன்னவர் நீங்கள். பதினோரு வருஷம் ஆகிறது. கேட்ட பெரியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், நீங்கள் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். அப்படிப்பட்டவரிடம் ஒரு கடன் கம்பெனி என்னைப் பற்றி விசாரித்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நான் வேலை பார்க்கும் இடம் உங்களுக்குத் தெரியும். ஆறு மாடிக் கட்டடம், அடியில் வண்டி நிறுத்துமிடம், அதன் வாசலில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு, கூண்டுக்குள் நான். வண்டி உள்ளே வந்தால் டோக்கன் கொடுப்பேன், வெளியே போனால் காசு வாங்கிக்கொண்டு தடுப்புக் கட்டையைத் தூக்குவேன். கடன்பட்டவனுக்கு இதைவிட மோசமான உத்தியோகம் உலகத்தில் இருக்காது. மற்றவர்களுக்கு ஒளிந்துகொள்ளவாவது ஒரு இடம் இருக்கும். என்னைக் கண்ணாடிக்குள் உட்கார வைத்து, தலைக்கு மேல் ஒரு விளக்கையும் போட்டு, காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை ஆள் இங்கேதான் இருப்பான் என்று கதவில் நேரமும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

கடன் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பல்லில் ஆரம்பித்தது. போன வருஷம் கடைவாய்ப் பல் வலி தாங்காமல் பல் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் வேர் வரைக்கும் தோண்டி மேலே ஒரு மூடி போட்டார். அந்த மூடியின் விலை என் ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கூடுதல். தவணையில் கொடுங்கள் போதும் என்றார், நல்ல மனசு. அந்தத் தவணையைக் கட்டுவதற்காக மளிகைக்காரரிடம் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன், முதல் நோட்டு தீர்ந்து இரண்டாவது நோட்டுப் போட்டபோது அவர் முகம் சுருங்கியது, அவர் முகத்தை விரிய வைக்கப் பெண்ணின் படிப்புக்கென்று வாங்கின போனின் தவணையை நிறுத்தி அவருக்குக் கொடுத்தேன், உடனே போன் கடைக்காரர் கத்தத் தொடங்கினார். யார் அதிகமாகக் கத்துகிறார்களோ அவர்களுக்கு முதலில் கொடுப்பது என்று ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். கத்தாத ஒரே ஆள் எங்கள் ஹவுஸ் ஓனர்தான். அவரைக் கடைசியில் வைத்தேன். அதாவது, வாடகைப் பணத்தை எடுத்து மற்ற மூன்று பேருக்கும் கொடுத்தேன். நாலு மாசம்.

இதை எழுதக் கை கூசுகிறது மச்சான். வாடகையில் பாதி உங்கள் தங்கை கொடுப்பது. மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே மாத்திரை எண்ணிக் கொடுத்துச் சம்பாதித்த பணம். மாசம் முதல் தேதி எண்ணி என் கையில் வைத்து, "மறக்காம இன்னிக்கே குடுத்துடுங்க" என்பாள். நானும் சரி என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புவேன். பாவம், இப்போது கொஞ்ச நாளாக ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறாள், சரக்குக் கணக்கெடுக்கிறார்களாம். அந்தக் கடையில் அவ்வளவு சரக்கு எங்கே இருக்கிறதோ தெரியவில்லை. ஹவுஸ் ஓனர் போன வாரம் மாடிப்படியில் என்னை நிறுத்தி, இந்த மாசக் கடைசிக்குள் பாக்கி வராவிட்டால் வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, மனப்பாடம் பண்ணினதை ஒப்பிப்பது போல் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீடு போனால் இன்னொரு வீடு பார்க்கலாம். ஏன் போகிறோம் என்று உங்கள் தங்கை கேட்பாளே. எனக்கு அந்தப் பயம்தான்.

இதற்கு நடுவில் கூண்டுக்கு வருகிறவர்கள் தொல்லை. எங்கள் நிறுத்துமிடத்தில் முதல் அரை மணி நேரம் இலவசம். அதைத் தெரிந்துகொண்டு பல் டாக்டரம்மாவும் மளிகைக்காரரும் போன் கடைக்காரரும் டோக்கன் வாங்கி வண்டியை நிறுத்திவிட்டு, கூண்டுக்கு வந்து சரியாக இருபத்தைந்து நிமிஷம் என்னைத் திட்டிவிட்டு, மிச்ச ஐந்து நிமிஷத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு தடவை மளிகைக்காரர் பேச்சு சுவாரசியத்தில் நாற்பது நிமிஷம் நின்றுவிட்டார். விதி விதிதானே, நான் காசு கேட்டேன். கொடுத்தார், கொடுத்துவிட்டு அதையும் என் நோட்டில் எழுதிக்கொண்டார். பல் டாக்டரம்மாவிடம் எனக்கு இன்னொரு கஷ்டம். சமாதானம் சொல்ல வாயைத் திறந்தால் உள்ளே அவர் போட்ட மூடி தெரிகிறது, அவருக்கு மறுபடியும் கோபம் வந்துவிடுகிறது.

இப்படி இருக்கும்போதுதான் மூன்றாவது மாடிக் கடன் கம்பெனியில் வேலை பார்க்கும் டை கட்டின தம்பி, தினமும் என்னிடம் டோக்கன் வாங்குகிறவர், ஒருநாள் என் நிலைமையைக் கண்ணாடி வழியாகவே புரிந்துகொண்டு, எல்லாக் கடனையும் ஒரே கடனாக ஆக்கிக்கொள்ளுங்கள் அண்ணே, அறுபதாயிரம் வாங்கி எல்லாரையும் முடித்துவிட்டு எங்களுக்கு மட்டும் கட்டுங்கள் என்று ஒரு படிவம் கொடுத்தார். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது போல் பொடி எழுத்தில் ஏதேதோ இருந்தது, அதெல்லாம் வழக்கமாகப் போடுவதுதான், படிக்க வேண்டாம் என்றார், நானும் கண்ணுக்கு வேலை மிச்சம் என்று விட்டுவிட்டேன். அதில் ஒரு இடத்தில், உங்களை நன்றாக அறிந்த நான்கு பேரின் பெயரும் எண்ணும் எழுதுக என்று இருந்தது. யோசித்துப் பார்த்தேன். இந்த ஊரில் என்னை நன்றாக அறிந்தவர்கள், என் வீடு தெரிந்தவர்கள், என் சம்பளத் தேதி தெரிந்தவர்கள், நான் காய்ச்சலில் படுத்தால் கவலைப்படுகிறவர்கள் நாலே பேர்தான். அந்த நாலு பேரையும் எழுதிவிட்டேன்.

எழுதிக் கொடுத்த பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது. ஆனால் நடந்தது வேறு. தம்பி போன் செய்து விசாரித்தபோதே, கடன் கிடைத்தால் தங்கள் பணம் வரும் என்று நாலு பேருக்கும் தெரிந்துபோனது. மளிகைக்காரர், பத்து வருஷமாக இவருக்குக் கொடுத்து வருகிறேன், தங்கமான மனுஷன், காசு விஷயத்தில் இப்படி ஒருத்தரைப் பார்த்ததே இல்லை என்றாராம். போன் கடைக்காரர், எனக்குப் பெண் இருந்து இவருக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்தால் யோசிக்கவே மாட்டேன் என்றாராம். டாக்டரம்மா நல்ல படிப்பாளி இல்லையா, என் நேர்மையைப் பற்றி இங்கிலீஷிலேயே ஐந்து நிமிஷம் பேசினாராம். எல்லாவற்றையும்விட ஹவுஸ் ஓனர்தான் மச்சான், வாடகை பாக்கியா, அப்படிப் பெரிதாக ஒன்றும் இல்லையே என்று ஒரே போடாகப் போட்டாராம். அத்தனை பெரிய பொய்யை அவ்வளவு சாதாரணமாகச் சொல்ல அவருக்கு எப்படி மனசு வந்ததோ. டை கட்டின தம்பி இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வணக்கம் சொல்கிறார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பணம் எப்போது வருகிறது என்று கேட்க நேற்று நாலு பேரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். அதுவரைக்கும் ஒவ்வொருத்தரும் தான் ஒருத்தர் மட்டும்தான் எனக்குக் கடன் கொடுத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வாசலில் நாலு வண்டி வரிசையாக நிற்க, யார் யார் என்று விசாரித்துக்கொண்டு, என் கண் முன்னாலேயே அறிமுகமாகி, முதலில் யாருக்கு என்று சண்டை தொடங்கிவிட்டது. பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கிறது, சூப்பர்வைசர் ஓடி வருகிறார், டாக்டரம்மா என் டோக்கன் சுருளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் வரிசை எழுதுகிறார். டாக்டரம்மா ஒன்று, போன் கடை இரண்டு, மளிகை மூன்று. ஹவுஸ் ஓனரைக் கடைசியில் போட்டதும் எனக்குப் பகீரென்றது. அவருக்குத்தானே கெடு இருக்கிறது. அவரோ, "எனக்கு அவசரம் இல்லீங்க, வீடு எங்கேயும் ஓடிப்போயிடாது" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு முதுகு சில்லிடுகிறது. அரை மணி நேரம் தாண்டிவிட்டது என்று சூப்பர்வைசர் நாலு பேரிடமும் காசு வாங்கச் சொன்னார். அதைச் சமமாகப் பங்கு போட்டு என் கணக்கில் சேர்த்துக்கொண்டு, எல்லாரும் சிநேகிதர்களாகக் கலைந்து போனார்கள்.

இனி உங்கள் விஷயம். படிவத்தில் கடைசியாக, நெருங்கிய உறவினர் ஒருவர் என்று இருந்தது. ஆபீஸ் படிவம் என்று சொல்லி உங்கள் தங்கையிடம் உங்கள் எண்ணைக் கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை, மனப்பாடமாகச் சொன்னாள். அந்த ஒரு விசாரிப்புத்தான் பாக்கி. தம்பி மூன்றே கேள்வி கேட்பார். என்னைத் தெரியுமா என்பது முதல் கேள்வி. தெரியும் என்று சொல்லுங்கள், அது உண்மை. கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா என்பது இரண்டாவது. இல்லை என்று சொல்லுங்கள், அதற்கெல்லாம் என்னிடம் காசு ஏது? வாங்கின கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவாரா என்பது மூன்றாவது. அந்த இடத்தில் நீங்கள் இருமிவிடுங்கள் மச்சான். நன்றாக, விடாமல், அவரே சங்கடப்பட்டுப் போனை வைக்கும் வரை. இருமல் பொய்க் கணக்கில் வராது. மூன்று வருஷத்துக்கு முன்னால் உங்களிடம் வாங்கின எட்டாயிரத்தை நான் மறக்கவில்லை என்பதையும் இங்கே எழுத்தில் பதிவு செய்கிறேன். அதை எப்போது தருவேன் என்பது இந்தக் கடிதத்துக்குள் அடங்காது.

இவ்வளவும் நமக்குள் இருக்கட்டும். உங்கள் தங்கைக்கு ஒரு வார்த்தை தெரியக் கூடாது. அவள் என்னை நம்பிக்கொண்டிருக்கிறாள், எனக்கு ஊரில் மிச்சம் இருக்கிற ஒரே வரவு அதுதான். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் முட்டிக்கு நல்ல தைலமாகப் பார்த்துப் போடுங்கள். பெண் உங்கள் இருவருக்கும் முத்தம் அனுப்பச் சொன்னாள், அதையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் ஆசீர்வாதத்தை, முடிந்தால் இருமல் வடிவில், எதிர்பார்க்கும்

தங்கள் கீழ்ப்படிந்த
தங்கை கணவன்

பி.கு: அண்ணா, இது நான். தபால் பெட்டி எங்கள் மருந்துக் கடை வாசலில் இருப்பதால் இதைப் போடச் சொல்லி உன் மாப்பிள்ளை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். ஆபீஸ் விஷயம், பிரிக்காதே என்றார். மேலே உன் பெயர் இருந்தது, பிரித்துவிட்டேன்.

வாடகை விஷயம் இரண்டாவது மாசமே எனக்குத் தெரியும். ஹவுஸ் ஓனர் வீட்டம்மா பிரஷர் மாத்திரைக்கு என்னிடம்தான் வருவார். மூன்று மாச பாக்கி கொடுத்தாகிவிட்டது, இந்த மாசம் மட்டும்தான் மிச்சம். அப்படியாவது என்னிடம் வாயைத் திறப்பார் என்று, காலி பண்ணச் சொல்லி மிரட்டச் சொன்னதும் நான்தான். பாவம், அந்த மனுஷனுக்கு மிரட்ட வரவில்லை, இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தேன். அந்தப் படிவத்தின் நகல் துவைக்கப்போட்ட சட்டையில் இருந்தது. பின்பக்கத்தைப் படித்தேன். அறுபதாயிரம் வாங்கினால் மூன்று வருஷத்தில் தொண்ணூற்றெட்டாயிரம் கட்ட வேண்டும். அதனால் கம்பெனிக்காரர் கூப்பிட்டால் நீ எப்போதும் போல உள்ளதைச் சொல். கடன் கிடைக்காமல் போகட்டும். மற்ற மூன்று பேருக்கும் மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாக நான் கொடுத்துக்கொள்கிறேன்.

நானும் பெரிய யோக்கியம் இல்லை. சரக்குக் கணக்கு எதுவும் கடையில் எடுக்கவில்லை. அந்த மூன்று மாச வாடகைக்கு முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்து கழித்துக்கொண்டிருக்கிறேன். இவருக்குத் தெரியாது. உனக்கு இத்தனை பக்கம் எழுதத் தெரிகிறவருக்குப் பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை. தினமும் சாப்பிட உட்காரும்போது என்னமோ சொல்ல வருகிற மாதிரி என் முகத்தைப் பார்க்கிறார், அப்புறம் தண்ணீர் கேட்கிறார். நீ எதையும் அவரிடம் காட்டிக்கொள்ளாதே. அவராகச் சொல்லட்டும் அண்ணா. அவர் சொன்னால் நானும் சொல்லிவிடுவேன்.