ரேகை இல்லாத ஆர்வில்

"இந்தத் தடவையும் உங்க விரல்ல ரேகையே விழல, ஆர்வில்," என்றபடி கருவியைத் துடைத்தார் காவல் அதிகாரி கிளெம்.

காலமெல்லாம் ஓடு பதித்துத் தேய்ந்த விரல்கள். பிள்ளையில்லாத ஆர்வில் டால்பர்க், ஓய்வு பெற்றதும் சாரணர் பிள்ளைகளை ஏரிக்கரை முகாமுக்கு அழைத்துப்போக ஆசைப்பட்டார். தொண்டர் யாரானாலும் பழைய குற்றம் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பார்கள். அதற்கு ரேகை வேண்டும். ரேகை தெளியட்டும் என்று முந்தின இரவு விரல்களில் வெண்ணெய் தடவிப் படுத்திருந்தார். நாய் வந்து மிச்சமிருந்த ரேகையையும் நக்கிவிட்டுப் போனது.

"நான் நல்லவன்னு ஊருக்கே தெரியுமேய்யா!"

"ஊருக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியலையே."

காவல் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே முடிதிருத்தும் லைல். ஆர்வில் கையசைத்தார். லைல் சட்டென்று தபால்பெட்டிக்குப் பின்னால் பதுங்கினார்.

அடிக்கடி காவல் நிலையம் போய்வந்தால் ஊர் என்ன நினைக்கும்? நேராக ட்ரூடியின் உணவகத்துக்குள் நுழைந்தார். பேச்சு நின்றது.

"எல்லாரும் கேளுங்க! என்னை போலீஸ் தேடல. சின்னப் பசங்க விஷயமா விசாரிக்கிறாங்க, அவ்வளவுதான்!"

சொன்ன பிறகுதான் அது காதில் எப்படி விழுந்திருக்கும் என்று உறைத்தது. பாதி தின்ற ஆப்பிள் கேக்கை அப்படியே போட்டுவிட்டு நாலைந்து பேர் சமையற்கட்டு வழியாக வெளியேறினார்கள்.

சாரணர் தலைவி ஹில்டா ப்ரூனாவிடம் ஓடினார்.

"நீங்களாவது என்னைப் பத்திச் சொல்லுங்கம்மா."

"ஐயோ, அது உங்க அந்தரங்கம். நான் வாயைத் திறக்கக் கூடாது."

"நானே சொல்லச் சொல்றேனே!"

"அப்பவும் கூடாது. யார் கேட்டாலும், 'ஆர்வில் பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்ல'ன்னுதான் சொல்றேன்."

"எத்தனை பேர்கிட்ட?"

"கேட்டவங்க எல்லார்கிட்டயும்தான்."

தலையில் கைவைத்தபடி வீடு வீடாக விளக்கம் சொல்லப் போனார். அவர் தெருவில் திரும்பியதும் திரைச்சீலைகள் மூடின. பாதிரியார் சோபாவுக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தது ஜன்னல் வழியே நன்றாகத் தெரிந்தது.

வீட்டில் மனைவி ஆர்டித் கேட்டாள்: "உண்மையைச் சொல்லுங்க. எனக்குத் தெரியாம என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமே பண்ணல!"

"அப்புறம் ஏன் விரலைத் தேய்ச்சு வச்சிருக்கீங்க?"

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

கடைசியில் காவல் நிலையத்தில், ரேகை வேண்டாம், பெயரை வைத்தே தேடலாம் என்றார்கள். தேடினார்கள். ஒரு கறையும் இல்லை. ஹில்டா அதை வந்து சொன்னதுதான் தாமதம், ஆர்வில் லைலின் கடைக்கு ஓட்டமாக ஓடினார். லைல் நாற்காலிக்கு அடியில் புகுந்தார்.

"வெளியே வாய்யா! நான் எந்தத் தப்பும் பண்ணலன்னு சொல்லிட்டாங்க!" ஆர்வில் குனிந்து பார்த்தார். "இன்னுமா என்னைச் சந்தேகப்படற?"

நாற்காலிக்கு அடியிலிருந்து லைல் கத்தினார்:

"உன்னை யாருய்யா சந்தேகப்பட்டா? அந்தப் பசங்களோட முகாமுக்குத் துணைக்கு இன்னொரு ஆள் வேணுமாமே, நீ ஆள் பிடிக்க வர்றேன்னுதான்யா ஊரே ஒளிஞ்சுகிட்டிருக்கு!"