தட்டு அடிக்கிற கை

என் வலது கை பாத்திரம் தேய்த்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. இடது கை தேய்த்ததே இல்லை. எல்லாம் கல்யாணமான முதல் வாரத்தில் சொன்ன ஒரு பொய்யின் புண்ணியம்.

நான் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கிறவன். எழுபது பேரில் ஒருவன். வாத்தியம், இரண்டு பெரிய வெண்கலத் தட்டு. யானைக்குச் செய்த ஜால்ரா மாதிரி இருக்கும். வீட்டிலும் எனக்கு ஜால்ராதானே என்று நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். புதுப் பெண்டாட்டியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன்:

"ரெண்டு மணி நேரம் விடாம தட்டு அடிக்கிற கைம்மா இது. சோப்புத் தண்ணி பட்டா மணிக்கட்டு இளகிடும்."

நம்பினாள். அன்றிலிருந்து கேஸ் சிலிண்டரை உருட்டுவது அவள். இறுகிய பாட்டில் மூடியைத் திறப்பது அவள். கொசு அடிப்பதுகூட அவள்தான்.

உண்மை என்ன? கச்சேரிக்கு ஒரு அடி. மற்ற நேரமெல்லாம் மனசுக்குள் எண்ணிக்கொண்டு நிற்பேன். சிம்பொனி என்றாலே கொட்டாவி வருகிறது என்று அவள் ஒரு நாளும் வந்ததில்லை. பிழைத்தேன்.

அடுத்த மாதம் எனக்குப் பணி ஓய்வு. உழைத்துத் தேய்ந்த கை என்று சொல்லியே மிச்சக் காலத்தையும் ஓட்டிவிடலாம் என்றிருந்தேன். அப்போதுதான் குண்டு விழுந்தது.

"என்னங்க, நாளைக்கு உங்க கச்சேரிக்கு நானும் வர்றேன்."

"உனக்குத்தான் தூக்கம் வருமே?"

"இதுல ஹிப்-ஹாப்பும் கலந்திருக்காமே. தூக்கம் வராதாம்."

"சத்தம் காதைக் கிழிச்சுடும்மா."

"உங்க குறட்டையோட குடும்பம் நடத்துற காதுங்க இது."

"டிக்கெட்டெல்லாம் தீர்ந்துபோச்சே."

"வாங்கிட்டேன். மூணாவது வரிசை. நட்டநடுவுல."

அன்று நான் சாப்பிட்டது என்னவென்று கேட்டால் தெரியாது. உப்பு போட்டிருந்தாளா என்பதும் தெரியாது.

மறுநாள் மேடையில் என் திட்டம் இது: அடிக்காவிட்டாலும் அடிக்கிற மாதிரியே இருப்பது. தட்டைத் தூக்கினேன். இறக்கினேன். துணியால் துடைத்தேன். ஒன்றுமே எழுதாத தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துப் பயங்கரமாகத் தலையாட்டினேன். பக்கத்தில் பெரிய முரசு வாசிக்கிறவர், "உடம்பு சரியில்லையா?" என்றார்.

உடம்பு இல்லை, எண்ணிக்கை சரியில்லை! இருநூற்று எண்பத்தேழு தாளச் சுற்று எண்ண வேண்டும். பிறகு எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும். அந்த அமைதியில் என் அடி மட்டும். வாத்தியக் குழுவை நடத்துகிற கண்டக்டர் எனக்குச் சைகை காட்டமாட்டார். 'ஒரே ஒரு அடி, அதுக்குச் சைகை வேறயா?' என்பார்.

நூற்று நாற்பதுவரை நன்றாகத்தான் போனது. அதற்குள் ஹிப்-ஹாப் பாட வந்திருந்த ராப் பாடகி, மின்னல் என்று பட்டப்பெயர், கூட்டம் ஆர்ப்பரிக்கிறதே என்று பாடிய இடத்தையே திரும்பப் பாடினாள். வயலின்கள் அவள் பின்னால் ஓடின. நான் எண்ணியதில் இதைச் சேர்ப்பதா, கழிப்பதா?

"எத்தனாவது சுற்றுங்க?" என்றேன் முரசுக்காரரிடம்.

"என் கணக்கே எனக்குத் தடுமாறுது, போய்யா!"

வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. இரண்டு கையிலும் தட்டு, எப்படித் துடைப்பது? தவறாக அடித்தால் ஊர் சிரிக்கும். அடிக்காமல் விட்டால் முப்பத்தோரு வருடத்துப் பாத்திரமும் வரிசையில் வந்து நிற்கும்.

சட்டென்று எல்லாம் நின்றது. இதுதானா? பாடகி மூச்சு வாங்குகிற இடமா? தெரியவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். பெண்டாட்டி கண்ணை உருட்டி, கொசு அடிக்கிற மாதிரி இரண்டு கையையும் சேர்த்துக் காட்டினாள்.

அவள் கண்ணை உருட்டினால் காரணம் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அடித்தேன்.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கூரையில் இருந்த புறாக்கள் அடுத்த ஊருக்குக் குடிபோய்விட்டன.

மறுநாள் காலை சமையலறையில் மெல்ல ஆரம்பித்தேன்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"உங்க அடிக்கு முன்னாடி கண்டக்டர் ஒரு கையால பேண்ட்டை இழுத்து விட்டுக்குவார். பின்னாலேருந்து பார்த்தா நல்லாத் தெரியும்."

முன்னாலிருந்து பார்க்கிறவன் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முறைப்புதான்.

"அதை ஒரே நாள்ல கண்டுபிடிச்சிட்டியா?"

"எதுக்கு ஒரே நாள்? முப்பத்தோரு வருஷமாக் கடைசி வரிசையில உட்கார்ந்து பார்க்கிறேன்."

"அப்போ... நான் ஒரு அடிதான்னு..."

"ஒரு தடவை ரெண்டு அடிச்சீங்க. அன்னிக்குப் பெருமையா இருந்தது."

"அப்புறம் ஏன் ஒரு நாளும் பாத்திரம் தேய்க்கச் சொல்லலை?"

"ஒரு அடிக்காக தினமும் மூணு மணி நேரம் ஒத்திகைன்னு வெளியே போயிடுவீங்க. வீடு அப்படியே அமைதியா இருக்கும். அந்தச் சங்கீதத்தை நானே எதுக்குங்க கெடுத்துக்கணும்?"

"அப்படின்னா நேத்து மட்டும் ஏன் மூணாவது வரிசை?"

"அடுத்த மாசத்துலேருந்து ஒத்திகை கிடையாதே. அதான், கையில தெம்பு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு கிட்டேயிருந்து பார்க்க வந்தேன். நல்லாவே இருக்கு" என்று சொல்லி, தேய்க்கிற நாரை என் உள்ளங்கையில் வைத்தாள்.

என் வாயிலிருந்து பொய்யே வந்ததில்லை என்று இப்போது சத்தியம் செய்வேன். தினமும் இரண்டு மணி நேரம், விடாமல், என் கையில் தட்டுதான்.