கீச்சென்று கத்தும் பால்

புதுக்கோட்டைச் சீமையிலேயே, பால் திரிந்தால் சந்தோஷப்பட்ட ஒரே ஆத்மா சுட்டபால்தான். மற்றவர்கள் தலையில் கை வைத்து உட்காருவார்கள். இவர் "எங்கே, எங்கே?" என்று துண்டை உதறிக்கொண்டு ஓடுவார்.

அவருக்கு வைத்த பேர் வேறு. ஆனால் கீரமங்கலத்தில் அந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் பெற்ற தாயே கொஞ்சம் யோசிப்பாள். எனக்கு அவர் அத்தை மகன். பட்டாளத்தில் சமையல் வேலை. யுத்தம் முடிந்து ஊருக்கு வந்தவர், சைப்ரஸ் தீவில் பாலைக் கட்டியாக்கி, கத்தியால் அறுத்து, நெருப்பில் சுட்டுத் தின்கிறார்கள் என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். சுட்டபால் என்ற பேரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

"உருகாது மாமா. மேல செவப்பாக் கோடு விழும். கடிச்சா கீச்சுனு சத்தம் வரும்."

"பாலு கீச்சுங்குதா? ஏப்பா, மாட்ட விட்டுட்டு எலியக் கறந்தாய்ங்களா?" என்றார் என் அப்பா.

ஊரே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சின்ன வயசிலேயே எனக்கும் அவருக்கும் என்று பேசி வைத்திருந்தார்கள். இப்போது அப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார்: "புளுகனுக்கு என் பொண்ணக் குடுக்க மாட்டேன். அந்தச் சுட்ட பாலக் கொண்டாந்து என் கண்ணுல காட்டு. அப்புறம் கல்யாணத்தப் பேசு."

மனுஷர் பஸ் ஏறிப் புதுக்கோட்டை போய், துரைமார் சாமான் வாங்கும் கடையில் ஒரு சீஸ் டின்னைத் தேடிப் பிடித்து வந்தார். அப்பாவை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, டின்னை உடைத்து, ஒரு துண்டைத் தோசைக்கல்லில் போட்டார். போட்ட மாத்திரத்தில் அது இளகி, வழிந்து, அடுப்புக்குள்ளேயே இறங்கிவிட்டது. அப்போது கிளம்பியதே ஒரு நாற்றம்! எங்கள் நாய் இரண்டு நாள் சமையல்கட்டுப் பக்கமே வரவில்லை.

"இது உருகுற ரகம் மாமா, நான் சொன்னது வேற ரகம்!"

"அப்ப அந்த ரகத்தக் கொண்டா, போ!"

சரி, வீட்டிலேயே செய்துவிடலாம் என்றால் பால் வேண்டுமே! வேண்டுமென்றே பாலைத் திரிக்கப் போகிறார் என்று தெரிந்ததும் ஒருத்தரும் ஓர் ஆழாக்குக்கூடத் தரவில்லை. மாட்டுக்கு மடி வற்றிவிடுமாம். தானாகத் திரிந்த பாலாவது கிடைக்காதா என்று, காலையில் சொம்பும் கையுமாக வீடு வீடாகக் கிளம்பினார்.

"ஆத்தா, ஒங்க வீட்ல இன்னைக்குப் பால் திரிஞ்சிருச்சுங்களா?"

"வெளங்கும்! விடிஞ்சும் விடியாம வந்து கேக்குற கேள்வியப் பாரு! அங்கிட்டுப் போ!"

ஒரு வாரம் அலைந்து ஒரே ஒரு வீட்டில் கால் படி கிடைத்தது. வடிகட்டி, குழவிக்கு அடியில் வைத்து அழுத்தி, சுட்டும் விட்டார். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் அதை ஒரு காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"காக்கா தின்னப்பக் கீச்சுனு கேட்டுச்சு மாமா! சத்தியமா!"

"காக்காயக் கூப்பிடு, வந்து சாட்சி சொல்லட்டும்."

அதற்குள் அப்பா ஆலங்குடியில் வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வருகிறார்கள். அன்று காலையில் பாயசத்துக்கென்று இரண்டு படி பாலை அடுப்பில் ஏற்றிய என் ஆத்தா, "பாத்துக்கடி" என்று சொல்லிவிட்டு இலை அறுக்கக் கொல்லைக்குப் போனாள்.

நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். பால் பொங்கி வந்த சமயம் பார்த்து, நாலு எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கை வலிக்கப் பிழிந்தேன். தோலையெல்லாம் அடுப்புக்குள் தள்ளினேன். அப்புறம், "ஆத்தா! பால் திரிஞ்சு போச்சு!" என்று அலறினேன். அந்த அலறல் எனக்கே ரொம்பத் திருப்தியாக இருந்தது.

அப்பா ஓடிவந்து பாத்திரத்தைப் பார்த்தார். அவருக்கு வியர்த்துவிட்டது.

"நல்ல காரியம் பேசுற அன்னைக்கா இப்படி! வேணாம், ஆலங்குடிக்காரவுகளுக்கு ஆள் அனுப்பிருவோம், வர வேணாம்னு."

சேதி தெருவுக்குப் போன அரை மணி நேரத்தில் சுட்டபால் எங்கள் வாசலில் நின்றார்.

"அத்தை, கொட்டிராதீங்க! மாமா, ஒங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்!"

"என்னமும் பண்ணித் தொலை!" என்றார் அப்பா.

திரிந்ததைத் துண்டில் வடிகட்டி இறுக்கிக் கட்டி, அம்மிக்கல்லையே தூக்கி அதன்மேல் வைத்தார். மத்தியானம் பிரித்தால் செங்கல் மாதிரி ஒரு வெள்ளைக் கட்டி! அதை அறுத்து, வடிந்த தண்ணீரிலேயே உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஈரம் துடைத்து, நல்லெண்ணெய் தடவிய தோசைக்கல்லில் அடுக்கினார். நான் கதவோரம் நின்றுகொண்டு கும்பிடாத சாமியில்லை.

உருகவில்லை! ஓரமெல்லாம் சிவந்து, வீடே மணத்தது. அப்பா ஒரு துண்டை எடுத்து, சந்தேகத்தோடு வாயில் போட்டு மென்றார்.

கீச்!

சமையல்கட்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அப்பா முழுங்கிவிட்டுத் தட்டை நீட்டினார்.

"இன்னும் ரெண்டு வையிங்க, மாப்பிள்ளை."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுட்டபாலும் சந்தோஷத்தில் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். சட்டென்று மெல்லுவதை நிறுத்தி, வாயிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எலுமிச்சை விதை! மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, கல்லா?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்ல மாமா" என்று சொல்லி, விதையைத் திரும்ப வாயில் போட்டு விழுங்கிவிட்டார்.

சைப்ரஸ் கதையை அதற்கப்புறம் ஆயிரம் பேரிடமாவது அளந்திருப்பார். வாயில் எதுவும் தங்காத மனுஷர். அந்த விதையைப் பற்றி மட்டும், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், என்னிடம்கூட அவர் மூச்சு விட்டதில்லை. அந்த மனுஷருக்காக நாலு என்ன, நாற்பது எலுமிச்சம்பழம் பிழிந்திருப்பேன்.