கனடாவிலிருந்து ஒரு ஓடர்

மாதம் முடிய ஐந்து நாள் இருக்கையில் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து சர்மிளாவுக்கு அழைப்பு வந்தது.

"மட்டக்களப்பில ஒரு கலைஞருக்காவது ஒன்லைன் ஓடர் வந்ததா?"

"வரும் சேர்."

"இந்த மாசத்துக்குள்ள வராட்டி கிளைய மூடுறதுதான்."

கலைஞர்களுக்கு டப்லெட் கொடுத்து, இணையக் கடை திறந்து, வியாபாரம் பழக்குகிற தொண்டு நிறுவனம் அது. கிளையின் ஒரே ஊழியர் சர்மிளா. ஒரே கலைஞர் ஓட்டமாவடி றவூப், பஸ்களின் முதுகில் படம் வரைகிறவர். தங்கமான மனிதர். எல்லா வகுப்புக்கும் நேரத்துக்கு வந்து முன்வரிசையில் குந்தியவர். ஆனால் அவருடைய இணையக் கடையை ஆறு மாதமாக ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

வேறு என்னதான் செய்வாள்? இணையத்தில் சர்மிளா, ஜெயந்தன் ஆனாள். டொரொன்டோவில் குடியேறினாள். சுவரில் மாட்ட வாவிப் படம் ஒன்று வேண்டும் என்று ஓடரும் போட்டாள்.

அடுத்த நிமிடமே றவூப் எழுதினார். "என்ன அளவு தம்பி?"

"பெரிதாக" என்று பதில் போட்டார் ஜெயந்தன். அங்கேதான் பிழை நேர்ந்தது. பஸ்ஸுக்கு வரைகிறவருக்குப் பெரிது என்றால் எவ்வளவு என்று அவள் யோசித்திருக்க வேண்டாமா?

மூன்றாம் நாள், முடிந்த வேலையைப் போட்டோ பிடித்து அனுப்பினார். ஏழடித் தகரம். வாவி, தோணி, பாலம். மேலே "மாஷா அல்லாஹ்". கீழே "இடைவெளி விட்டு வரவும்".

"இது பிளேனில ஏறாது தம்பி. இஞ்ச உங்கட ஆக்கள் ஆர் இரிக்காங்க?"

ஓடர் வந்த செய்தி கொழும்புக்குப் போயாயிற்று. இனி ரத்துச் செய்யவும் முடியாது. தன்னாமுனையில் பெரியம்மா இருக்கிறார், கூரியரில் அனுப்புங்கள் என்று ஜெயந்தன் தன் வீட்டு, அதாவது சர்மிளாவின் வீட்டு, விலாசத்தைக் கொடுத்தார்.

"கூரியர்காரன் இதக் கண்டா ஓடிருவான். நானே கொண்டு வாறன். வேலை முடிஞ்சா சொந்தக்காரரப் பக்கத்தில வெச்சு ஒரு போட்டோ எடுக்காம நான் விட்டதில்ல. பெரியம்மாவ நிக்கச் சொல்லுங்க."

"அவருக்குச் சுகமில்லை."

"அல்லாஹ்வே! அப்ப கட்டாயம் பாக்கோணும். வீட்டுக்காரியையும் கூட்டி வாறன்."

மறு நிமிடம் சர்மிளாவின் சொந்தப் போன் அடித்தது.

"மிஸ், நாளைக்குத் தன்னாமுனைக்கு வாங்க. என்ட முதல் ஒன்லைன் ஓடர். நீங்க பக்கத்தில நிக்காம எப்பிடி?" என்றார் றவூப்.

மறுநாள் காலை சின்ன லொறி ஒன்று வாசலில் வந்து நின்றது. பின்னால் தகரம். முன்னால் றவூப்பும் அவர் மனைவி நபீஸாவும். நபீஸாவின் மடியில் நோயாளிக்கென்று ஒரு பை தோடம்பழம்.

"மிஸ், எங்களுக்கு முந்தி வந்திட்டீங்களே! பெரியம்மா எங்க?"

தோடம்பழத்தைக் கண்டதும் சர்மிளாவுக்குத் தாங்கவில்லை. ஓவென்று அழுதுவிட்டாள், பாவம்.

"பெரியம்மா இல்ல, றவூப் நானா. ஜெயந்தனும் இல்ல. எல்லாம் நான்தான். ஒரு ஓடராவது காட்டாட்டி கிளைய மூடிருவாங்க. மறுகா உங்களுக்கு ஆர் உதவி செய்வாங்க எண்டுதான்..."

றவூப் தலையைச் சொறிந்துகொண்டு லொறிச் சக்கரத்தைப் பார்த்தார். நபீஸாதான் இறங்கி வந்து, முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தாள்.

"அழாதீங்க மகள். இவருக்கு வாற வருச நோன்பு வரைக்கும் பஸ் வேலை குவிஞ்சு கிடக்கு. ஒருத்தரும் சேராட்டி உங்களுக்கு வேலை போயிரும் எண்டுதான் இவர் உங்கட வகுப்புக்கே வந்தவர்."