சிவப்பு அணைந்தால் லீவு

"அண்ணே, இப்பவும் செவப்புதான்!" ஃபோனில் முதலாளி சபரிநாதன் கத்தினார்.

தனுவச்சபுரம் புட்டுப்பொடி மில்லின் மெக்கானிக் அனந்தகிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நாளைக் காலை மகள் ஸ்ரீகலாவுக்கு நிச்சயம். பெண்ணைப் பெற்றவர் மூன்று நாளாக ஒரு மோட்டாரைக் கட்டிக்கொண்டு அழுகிறார்.

"லீவு..."

"பச்சை வரட்டும். பெறவு போங்க."

எல்லாம் திங்கட்கிழமை மாட்டிய அந்தச் சின்னப் பெட்டி செய்கிற வேலை. காந்தத்தால் மோட்டார் இரும்பைக் கவ்வி உட்கார்ந்து, அதன் உதறலை அளந்து, திருவனந்தபுரத்திலிருக்கும் முதலாளியின் ஃபோனுக்குக் கோள் சொல்லும்: சரியென்றால் பச்சை, கோளாறென்றால் சிவப்பு.

அனந்தகிருஷ்ணனிடம் பழைய கைமீட்டர் ஒன்று உண்டு. முனையை மோட்டாரில் அழுத்தினால் ஆட்டத்தின் வேகம் தெரியும். இரண்டு காட்டியது. நல்ல எண். ஸ்குரூடிரைவரின் முனையை மோட்டாரில் ஊன்றி, பிடியில் காதை வைத்தும் கேட்டார். சுகமாக ஓடியது. பெட்டி மட்டும் ஏழு என்றது.

"கைமீட்டர்ல ஒரு கொறையும் இல்ல முதலாளி."

"அது வேகம்லா பாக்கும்! பெட்டி உதறலையாக்கும் பாக்குது. புதுசு, அதுக்குத் தெரியும்."

இவ்வளவு வருஷம் மோட்டாரோடு குடித்தனம் நடத்தியவருக்குத் தெரியாதாம். சரி, புதன்கிழமை போல்ட்டுகளை முறுக்கினார். ஒன்பது. வியாழக்கிழமை பேரிங்கை மாற்றினார். பதிமூன்று. இன்று பெல்ட்டைக் கழற்றி நேராக்கி மாட்டினார். பத்தொன்பது! மருந்து கொடுக்கக் கொடுக்க நோய் முற்றுமா? முற்றியதே.

மனைவி உமையம்மாள் கூப்பிட்டாள். "நாளைக்காவது வருவியளா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாவ?"

"வாறேன்."

"மூணு நாளா இதத்தான் சொல்லுதிய."

ஃபோனை வைத்துவிட்டு அரிசிச் சாக்கின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார். மோட்டாரை எட்டி உதைக்கலாமா என்று தோன்றியது. காலைத் தூக்கத் தெம்பில்லை.

மில்லைக் கூட்டித் துடைக்கும் சரோஜம் பாலில்லாத கட்டஞ்சாயா கொண்டுவந்தாள்.

"எல்லாம் இந்தச் சவத்துப் பெட்டியால சரோஜம்," என்றார். கண் கலங்கிவிட்டது. "எனக்க மவளுக்க நிச்சயத்துக்கு நான் மட்டும் இருக்க மாட்டேன் போல."

"வெஷமிக்காதீங்க அண்ணே, நாளைக்கு நீங்க போவிய," என்றாள் சரோஜம். "பெட்டி மாட்டுன அன்னைக்கே அதுக்கு அடியில கோயில் சந்தனம் வச்சேன். பெறவு நீங்க ஒவ்வொரு தடவ மோட்டார நன்னாக்குனதும் பெட்டியப் பறிச்சு, இன்னும் கொஞ்சம் அப்பி, திரும்ப ஒட்டி வச்சிருக்கேன். இன்னைக்கு நல்ல கட்டியாக்கும், பெட்டி இரும்பத் தொடவே இல்ல!"