அன்னப் படகில் ரயிலைப் பிடித்தது

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பணிவோடு எழுதுவது. இங்கு நானும் என் முழங்கால்களும் சுகம். அங்கு நீயும் அத்தானும் அத்தானின் இரத்தக்கொதிப்பும் சுகமாயிருக்க வேண்டும். நான் ஏரியில் விழுந்துவிட்டதாக உனக்கு வந்த செய்தி பொய். விழுந்தது என் இடது செருப்பு மட்டும்.

"வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்காத, எங்கயாவது போயிட்டு வா" என்று நீ போனில் திட்டியதால்தான் ஏரிக்கரை ரயிலில் ஏறினேன். முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன். மேலேயும் கீழேயும் போயிருக்கிறேனே தவிர, பக்கவாட்டில் எங்கும் போனதில்லை. ஏரி எந்தப் பக்கம் வரும் என்று கேட்காமல் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் பாறைச் சுவரையே ரசித்தேன். எதிர் ஜன்னலோரம் ஓர் அம்மாள், ஓய்வுபெற்ற பல் டாக்டராம், பொறுக்கமாட்டாமல், "இந்தப் பக்கம் வாங்க சார், ஏரியை நான் ஒருத்தியே எழுதி வாங்கிடல" என்றார். போனேன். அக்கா, என்ன தண்ணீர்! என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "கடைவாய்ப்பல் ரெண்டைப் பார்க்கணும் போலிருக்கே" என்றார் டாக்டர்.

நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷன். எதிர்வண்டிக்காகப் பத்து நிமிஷம் நிற்கும் என்றார் கார்டு. இறங்கிக் கரையில் நின்றோம். இரண்டு மாடிகளுக்கு நடுவே ஒரு நீதிபதி லிஃப்டில் மாட்டிக்கொண்டு எனக்கே தீர்ப்பு வாசித்த கதையை நான் சொல்ல, அவர் விழுந்து விழுந்து சிரிக்க, திரும்பிப் பார்த்தால் ரயிலின் வால்தான் தெரிகிறது. என் பை, மாத்திரை, அவர் மூக்குக்கண்ணாடி எல்லாம் அதற்குள்! அங்கிருந்த படகுக்காரர், "பதறாதீங்க, வண்டி கரையைச் சுத்திக்கிட்டுத்தான் போகும், நேரா மிதிச்சா அடுத்த ஸ்டேஷன்ல அமுக்கிடலாம்" என்று, அன்னம்போலக் கழுத்து வளைந்த மிதிபடகில் எங்களை ஏற்றித் தள்ளிவிட்டார். அது இரண்டு முறை வட்டமடித்தது. "சுக்கானை நேரா பிடிங்க! அமுக்காதீங்க, அது பட்டன் இல்ல!" என்று டாக்டர் அதட்ட, மிதித்தோம் பார், என்ன மிதி! ரயிலில் இருந்தவர்கள் மொத்தமும் ஏரிப் பக்க ஜன்னல்களுக்கு வந்து கத்துகிறார்கள், டிரைவர் விடாமல் ஹாரன் அடிக்கிறார், யாரோ என் பையைக் கொடிபோல ஆட்டுகிறார். செருப்பு போனது அப்போதுதான். மூச்சு வாங்க ஸ்டேஷனில் ஏறியபோது, "உங்களால வண்டி ரெண்டு நிமிஷம் லேட்டு" என்று முறைத்த கார்டு, அடுத்த கணம் அவரே கைதட்டினார். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த இந்த மூன்று வருஷத்தில் வயிறு வலிக்க நான் சிரித்தது அன்றுதான், அக்கா.

ஆகவே இது முழுக்க முழுக்க விபத்து. போனில் குரலை இழுத்து, "யாருடா அந்த டாக்டர்?" என்றாயே, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. இனி ரயில் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்க மாட்டேன். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, உனக்கு வாயடக்கம் வாய்க்கட்டும்.

உன் தம்பி

பி.கு.: இதை ரயிலில்தான் எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் படித்துவிட்ட டாக்டர், 'விபத்து' என்ற சொல்லை அடிக்கச் சொல்கிறார். அன்று வண்டி கிளம்பிய ஊதல் அவருக்கு நன்றாகவே கேட்டதாம். நீதிபதி கதை பாதியில் நின்றுவிடுமே என்று சொல்லவில்லையாம்.